மடியில் கால் இருக்கும்வரை

காலைப் பிடித்துப் பிழைக்கிறவன் என்று யாரையாவது சொன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் அது வசவு இல்லை, உத்தியோகம். ராஜா விருந்துக்கு உட்கார்ந்ததும் அவருடைய இரண்டு பாதங்களையும் தன் மடியில் வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. ராஜா எழுந்து படுக்கப் போகும்வரை அவன் அந்தப் பாதங்களை இறக்கக் கூடாது. அரித்தால் சொறிய வேண்டும். குளிர்ந்தால் தேய்க்க வேண்டும். கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராஜாவின் தட்டிலிருந்தே சாப்பிடலாம். மெய்ரிக் ராஜாவின் கால்பிடிக்காரன் பெயர் ஹெய்லின். மாடு ஓட்டுகிறவன் மகன்.

நான் அதே அரண்மனையில் துணி வெளுத்தவள், பெயர் மோர்வித். அரண்மனை என்றால் மரத்தூணும் புல்கூரையும்தான். மழை பெய்தால் ராஜா தலையிலும் ஒழுகும். ஆனாலும் ராஜா ராஜாதான். ஒருவருடைய உள்சட்டையை வருஷக்கணக்காக அலசியவளுக்கு அவர்மேல் எவ்வளவு மரியாதை இருக்குமோ அவ்வளவு எனக்கும் இருந்தது.

மெய்ரிக் பட்டத்துக்கு வந்த குளிர்காலத்தில் அவருக்குச் சேர வேண்டிய மாடுகளை ஓட்டிக்கொண்டு ஹெய்லினும் அவன் அப்பாவும் வந்தார்கள். ஹெய்லின் அப்போது கல்யாணமாகாத இளவட்டம். ராஜா பனியில் குதிரையேறி வந்ததில் கால் மரத்துப்போய், வலியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். வைத்தியர் வெந்நீர் என்றார், பாதிரியார் ஜெபம் என்றார். ஹெய்லின் யாரையும் கேட்காமல் மண்டிபோட்டு, அந்தக் கால்களை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தான். அவன் கைகளுக்கு அப்படி ஒரு சூடு. துவைக்கிற கல்லில் என் விரல்கள் விறைத்துப்போனால் நானும் அவனிடம்தான் நீட்டுவேன். ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும்.

"இந்தக் கையை வீட்டுக்கு அனுப்பாதீங்கடா. மாட்டை வேணும்னா திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் ராஜா. எல்லோரும் சிரித்தார்கள். மாட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாளாக ஆக அந்தக் கால்கள் ஹெய்லினுக்குப் பாடமாகிவிட்டன. மெய்ரிக்கின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சிரித்த முகமாகவே ஒருவன் கழுத்தை வாங்கச் சொல்வார். ஆனால் கால் மறைக்காது என்பான் ஹெய்லின். கட்டைவிரல் மடங்கினால் மனசில் சூது இருக்கிறது. குதிகாலைத் தேய்த்தால் சலிப்பு. பனி மாதிரி ஜில்லிட்டிருந்தால் பயம். சூடாக, கனமாக, தூங்குகிற பூனை மாதிரி மடியில் கிடந்தால், நினைத்தது நடந்து முடிந்துவிட்டது. அதனால் ராஜாவிடம் ஏதாவது கேட்க வந்தவர்கள் முதலில் வந்து நிற்பது ஹெய்லினிடம்தான்.

"இன்னைக்குக் கால் எப்படிண்ணே?"

"கட்டைவிரல் மடங்கியிருக்கு. உன் பன்றி வழக்கை நாளைக்குப் பேசு."

இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் சட்டத்தில் அரண்மனை வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடைக்கலம் இருக்கிறது. ராஜாவின் கோபத்துக்கு ஆளானவன் எங்களில் ஒருவருடைய அடைக்கலத்துக்குள் வந்துவிட்டால், அவன் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ராஜாவேகூடத் தொடக் கூடாது. ரொட்டிக்காரிக்கு, அவள் மாவு சுரண்டுகிற கரண்டியை எறிந்தால் விழுகிற தூரம். எனக்கு, துணி அடிக்கிற கட்டையை எறிந்தால் விழுகிற தூரம். ஹெய்லினுடையது தூரத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. ராஜாவின் கால் அவன் மடிக்கு வந்ததிலிருந்து, ராஜா எழுந்து படுக்கப் போகும்வரை. அதுவரை அவன் யாரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்கிறானோ அவன் தப்பித்தான்.

ஹெய்லின் கட்டிக்கொண்டது தங்வென் என்ற பெண்ணை. அவளுக்குப் பிறந்த குழந்தை பிறந்த சூட்டிலேயே போய்விட்டது. மார்பில் பால் கட்டி அவள் துடித்துக்கொண்டிருந்தபோது, ராஜாவின் அண்ணனுக்கு ஒரு மகன் பிறந்தான். தாய் பிரசவத்திலேயே செத்துப்போனாள். குழந்தையைத் துணியில் சுற்றித் தங்வென்னிடம் கொடுத்தார்கள். அவன்தான் இதெல். அவனுக்குப் பல் முளைப்பதற்குள் அவன் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். வேட்டையில் அம்பு தவறிப் பட்டதாம். அம்பு விட்ட கோல்வினுக்கு அதே வருஷம் நல்ல மேய்ச்சல் நிலம் கிடைத்தது, பிறகு காவல்படைத் தலைவன் பதவியும் கிடைத்தது. நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதெல் ஹெய்லினை அப்பா என்றும் தங்வென்னை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தான். நல்ல பிள்ளை, கொஞ்சம் மண்டு. பாடத் தெரியாது, ஆனால் பாடுவான். யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். ஆனால் எங்கள் சட்டப்படி, வயது வந்ததும் அவன் அப்பாவின் பங்கு அவனுக்கு. அதாவது நாட்டில் பாதி.

அதே வழக்கப்படி, குறையுள்ள உடம்புக்குப் பட்டம் கிடையாது. அதனால் எங்கள் ராஜகுடும்பத்தில் தம்பிகளையும் அண்ணன் பிள்ளைகளையும் கொல்வதைவிடக் கண்ணைப் பிடுங்குவதுதான் அதிகம். கொன்றால் பாவம், பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணைப் பிடுங்கினால் அது நாட்டு நிர்வாகம். பின்னாளில் பிள்ளை பிறந்து பங்கு கேட்டுவிடக் கூடாதே என்று, கண்ணோடு நிறுத்தாமல் கீழேயும் அறுத்துவிடுவார்கள். எருதுக்குச் செய்கிற மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் கடல் தாண்டி வந்த நார்மன்காரன் ஒருவன் எங்கள் ஆறு கடலில் விழுகிற இடத்தில் மண்ணைக் குவித்து, மேட்டின்மேல் மரக்கோட்டை கட்டினான். நாங்கள் அவனைக் கோட்டைக்காரன் என்போம். அவன் வந்ததிலிருந்து மெய்ரிக்குக்குத் தன்னுடைய எதுவும் பிடிக்காமல் போயிற்று. பிடரியை மழித்துக்கொண்டார். சாய்மானம் வைத்த நாற்காலி செய்யச் சொன்னார். முழங்கால்வரை ஏறும் பூட்ஸ் வாங்கினார். கோட்டைக்காரன் முன்னால் தானும் ஒரு ராஜா என்று காட்டவேண்டிய பதைப்பு. அவனோ ஆற்றங்கரையில் வருஷத்துக்கொரு வேலி போட்டு ஏறி வந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் இதெல் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினான்.

"யாருடா குடுத்தது?" என்றாள் தங்வென்.

"கோட்டைக்காரரும்மா. சும்மா குடுத்தாரு."

"அவன் அவன் நாய்க்கே சும்மா எலும்பு போடமாட்டான். உனக்குக் குதிரை குடுத்தானா? கொண்டு போய் விட்டுட்டு வாடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நீ ஒருத்தி. சித்தப்பாவுக்கும் ஒரு குதிரை கேக்கவான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அந்த வாரம் முழுக்க ராஜாவின் கால் பனிக்கட்டியாக இருந்தது என்று ஹெய்லின் சொன்னான். அண்ணன் மகனும் கோட்டைக்காரனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ராஜா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டைக்காரனுக்கு வேண்டியதும் அந்தக் கணக்குதான். ஒரு குதிரை செலவில் எங்களை எங்களாலேயே அடிக்க வழி கண்டுபிடித்துவிட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ராஜா அறிவித்தார். ஈஸ்டர் விருந்தில், எல்லோர் முன்னிலையிலும், இதெலுக்கு அவன் பங்கைக் கொடுக்கப் போகிறாராம். கோட்டைக்காரனும் விருந்துக்கு வருகிறானாம். இதெல் தலைகால் புரியாமல் குதித்தான். ராஜா அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் கால்களைப் பிடித்திருந்தவனுக்கு மட்டும் சங்கதி தெரிந்தது. பத்து விரல்களும் மடங்கியிருந்தன.

ஓடிப்போகச் சொல்லலாம் என்றால், ஆற்றுத்துறையிலும் மலைப்பாதையிலும் கோல்வின் ஆள் போட்டுவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் புனிதர் மடம் இருக்கிறது. அதன் எல்லைக்குள் போய்விட்டால் எந்த ராஜாவும் தொட முடியாது. அடைக்கலம் கேட்டு ஆள் வந்தால் துறவிகள் மணி அடிப்பார்கள், எங்களுக்கும் கேட்கும். ஆனால் அதுவரை போகவேண்டுமே. பண்டிகைக்கு முந்தின ராத்திரி, இதெலை ஆலைக்குப் பின்னால் தானியம் உலர்த்துகிற சூளைக் குடிசையில் ஒளித்துவிட்டுத் தங்வென் என் வீட்டுக்கு வந்தாள். ஹெய்லினும் வந்தான். நான் துவைத்து மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான். ராஜாவின் காலுக்கு அடியில் அவன் விரிக்கும் துண்டு, ஓரத்தில் சிவப்பு நூல் ஓடியது.

"நாளைக்கு மத்தியானம் கொம்பு ஊதுவாங்க," என்றான். "ஊதினா ராஜா உக்காந்துட்டாருன்னு அர்த்தம். உக்காந்தா காலு எம் மடியில. எத்தனை வருஷமாப் பாக்குறே? அந்த நிமிஷத்துலருந்து பய என் அடைக்கலம். நீ இந்தத் துண்டைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நேர்வழியிலயே கூட்டிட்டுப் போ. ஒளியாதே. எவனாவது கேட்டா கால்பிடிக்காரன் அடைக்கலம்னு சொல்லு."

"அவரு சீக்கிரம் எழுந்துட்டா?"

"ராஜாவை எழவிடாம சொறியறதுக்கு எனக்குத் தெரியும். நீ போ."

அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான். கொம்பு ஊதியும் காலை நீட்டாத ராஜாவை நாங்கள் பார்த்ததே இல்லை.

ஈஸ்டர் அன்றும் எனக்கு விடிவு இல்லை. கோட்டைக்காரனின் வேட்டைநாய்கள் வந்ததும் வராததுமாக மேஜைத்துணியில் காலைத் தூக்கிவிட்டன. அதை எடுத்துக்கொண்டு, பாவிப்பயல் நாய்களைத் திட்டிக்கொண்டே ஆற்றுக்கல்லுக்குப் போனேன். அலசிக்கொண்டிருக்கும்போது கொம்பு ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஆற்றுத்துறையை நோக்கி இருவரும் வந்தார்கள். தங்வென் துண்டைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்திருந்தாள். இதெல் என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன அத்தை, பண்டிகை அன்னைக்கும் வெளுப்பா?"

எதிர்க்கரைப் புதரிலிருந்து கோல்வினும் ஆட்களும் எழுந்தார்கள்.

"அடைக்கலம்!" என்று கத்தினாள் தங்வென். "கால்பிடிக்காரர் அடைக்கலம்! தொடாதீங்க!"

கோல்வின் நிதானமாகத் தண்ணீரில் இறங்கி வந்தான். "கால் எங்க தங்வென் இருக்கு, மடியிலயா? ராஜா இன்னைக்கு பூட்ஸோட உக்காந்திருக்காரு. ரெண்டு காலும் தரையில. காலையிலேயே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் உக்காந்தாரு."

தங்வென்னுக்கு அது புரியவே நேரமாயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. துணி அடிக்கிற கட்டையைக் கையில் எடுத்து, "மோர்வித் அடைக்கலம்!" என்று அலறி, தோள் கழன்றுவிடும் அளவுக்கு வீசினேன். அது ஆற்றில் விழுந்தது. விழுந்த இடத்துக்கும் இதெல் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு மாடு படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. கோல்வின் மிதந்து போன கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, மரியாதையாக என் கையில் கொடுத்தான்.

"கஞ்சி குடிச்சிட்டு வந்து எறிஞ்சிருக்கலாம்ல கிழவி."

இதெலைச் சூளைக் குடிசைக்கே திருப்பி இழுத்துப் போனார்கள். தங்வென்னை வெளியே இரண்டு பேர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே அவன் கத்தியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அம்மா என்று மட்டும் கத்தவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

நான் ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு விருந்துக்கூடத்துக்கு ஓடினேன்.

கூடம் நிறைந்திருந்தது. கோட்டைக்காரன் ராஜாவின் வலப்பக்கம் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தான். ராஜா புது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பூட்ஸ் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. ஹெய்லின் தன் இடத்தில், வெறும் மடியை விரித்துவைத்துக்கொண்டு, அந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜா, காலைக் குடுங்க. கொம்பு ஊதி எவ்வளவு நேரமாச்சு."

"இருடா. விருந்தாளி முன்னாடி என்னைக் கைக்குழந்தை மாதிரி காட்டாதே."

"வழக்கம் ராஜா."

"வழக்கம் எங்கேயும் ஓடிப்போகாது. சாப்பிடு. உனக்குப் புடிச்ச விலாங்கு மீன்."

ஹெய்லின் பூட்ஸைக் கழற்றக் கையை நீட்டினான். ராஜா யாருக்கும் தெரியாமல் அந்தக் கையை மிதித்தார். அப்போது ஹெய்லின் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் மூஞ்சி போதும்.

எனக்குப் பின்னாலேயே கோல்வின் வந்தான். கையைக் கழுவியிருந்தான். மடித்த முழங்கையில் கழுவ விட்டுப்போனது இருந்தது.

"பாதி முடிஞ்சுது ராஜா. ரெண்டு கண்ணும் ஆச்சு. மீதிக்குக் கொல்லன் கத்தி தீட்டிட்டிருக்கான்." பிறகு அந்தச் சிவப்பு ஓரத் துண்டை எடுத்து ஹெய்லினின் வெறும் மடியில் போட்டான். "உன் பொண்டாட்டி கீழ போட்டுட்டாப்பா."

ராஜா சாய்மானத்தில் சாய்ந்து தேன்மதுவை ஒரே மூச்சில் குடித்தார். கோட்டைக்காரன் மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ கேட்டான்.

"நாய் படுக்கவேண்டிய இடத்துல ஒரு மனுஷன் உக்காந்திருக்கானே, எதுக்குன்னு பிரபு கேக்குறாரு," என்றான் அவன்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். வேலை முடிந்துவிட்ட சந்தோஷம். இனி ஒரு வேடிக்கை காட்டினால் என்ன? பூட்ஸை உதறிக் கழற்றி இரண்டு காலையும் தூக்கி ஹெய்லினின் மடியில் போட்டார். "இதுக்குத்தான்னு சொல்லு. டேய், இப்பப் புடிடா. நல்லாப் புடி."

ஹெய்லின் பிடித்தான். பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னான். அந்தக் கால்கள் சூடாக, கனமாக, தூங்குகிற பூனை மாதிரி இருந்தனவாம். கை பட்டதும் அவனுக்கு முதலில் வந்தது, பழக்கத்தில், ஒரு நிம்மதியாம். ராஜா மனசு குளிர்ந்திருக்கிறது என்ற நிம்மதி. "அந்தக் கையை அப்பவே வெட்டி அடுப்புல போட்டிருக்கணும் மோர்வித்," என்றான்.

ஆனால் மீதி என்ற வார்த்தை அவன் காதில் நின்றது. அவன் தலையைத் தூக்கி, கூடத்தின் கோடிவரை கேட்கும்படி கூப்பிட்டான். அவன் அப்படிக் குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை.

"நியாயக்காரரே! ராஜா கால் எம் மடியில இருக்கா, இல்லையா?"

சட்டம் சொல்லுகிற கிழவர் வாய் நிறைய மீனோடு எட்டிப் பார்த்தார். "இருக்கு."

"அப்ப இதெல் என் அடைக்கலம். அவன்ல மிச்சம் இருக்கிறது என் அடைக்கலம்."

ராஜா சிரித்த முகமாகவே காலை இழுத்தார். கால் வரவில்லை. ஹெய்லினின் இரண்டு கைகளும் கணுக்காலைச் சுற்றிப் பூட்டியிருந்தன.

நியாயக்காரர் மென்று விழுங்கினார். அவர் பெரிய தைரியசாலி இல்லை. ஆனாலும் சொன்னார்: "ராஜா எழுந்து படுக்கப் போனாத்தான் அந்த அடைக்கலம் முடியும். சட்டம் அப்படி."

"சரி. நான் படுக்கப் போறேன்," என்றார் ராஜா. கதவு வழியாக மத்தியான வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. "விடுடா."

ஹெய்லின் விடவில்லை. மடியில் கிடந்த துண்டைப் பல்லால் கவ்வி என் பக்கம் உதறினான். "எடுத்துட்டு ஓடு மோர்வித்."

ஓடினேன். சூளைக் குடிசையில் கொல்லன் கத்தியோடு நின்றான். காவலுக்கு நின்றவனிடம் துண்டை நீட்டினேன்.

"கால் நிசமாவே மடியில இருக்கா?" என்றான்.

"நம்பலைன்னா போய்ப் பாருடா. தொட்டா நாளைக்கு உன் சந்ததிக்கும் அடைக்கலம் கிடைக்காது."

கொல்லன்தான் முதலில் கத்தியைக் கீழே வைத்தான். வைத்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தான். இதெலைத் துணிமூட்டை சுமக்கிற என் மட்டக்குதிரையில் ஏற்றினோம். கையில் வேறு துணி இல்லை, அந்த மேஜைத்துணியைக் கிழித்துத்தான் அவன் முகத்தில் கட்டினேன். நாய் மூத்திரம் முழுசாகப் போயிருந்ததோ என்னவோ. தங்வென் ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதிவழியில் அவனுக்கு நினைவு வந்தும் வராமலும் இருந்தது.

"அம்மா, பொழுது போயிடுச்சா?"

"ஆமாண்டா கண்ணு, போயிடுச்சு," என்றாள். கண்ணு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

கூடத்தில் அப்புறம் நடந்ததை ரொட்டிக்காரி சொன்னாள். அவள் பொய் சொல்லமாட்டாள், அதற்கு வேண்டிய மூளை அவளுக்குக் கிடையாது.

ராஜா முதலில் ஹெய்லினின் முகத்தில் உதைத்தாராம். அவன் தலையைக் குனிந்து கால்களின்மேலேயே கவிழ்ந்துகொண்டான். கோல்வின் வாளை உருவினான். வாசல்காவல்காரன், வல்லூறு வளர்ப்பவன், மது காய்ச்சுகிறவன் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சண்டைக்கு இல்லை, அந்த அளவுக்கு எங்களுக்கு நெஞ்சுரம் எங்கே? ஆனால் இன்று ஹெய்லினின் அடைக்கலம் போனால் நாளைக்குத் தங்களுடையது போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ரத்தம் வேண்டாம்," என்றார் ராஜா. "விருந்தாளி சாப்பிட்டுட்டிருக்காரு."

அதனால் கோல்வின் வாளைத் திருப்பிப் பிடித்து, அதன் குமிழால் விரல்களை அடித்தான். ஒவ்வொன்றாக, நிதானமாக. கோட்டைக்காரனும் அதே மேஜையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தான். எது கொட்டை, எது விரல் என்று சத்தத்தில் தெரியவில்லை என்றாள் ரொட்டிக்காரி. விரல்கள் உதவாமல் போனதும் ஹெய்லின் முழங்கைகளை மடக்கி அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டான்.

"விடுடா பாவி. எனக்கே கை வலிக்குது," என்றான் கோல்வின்.

"கொஞ்சம் பொறு கோல்வின். மணி அடிக்கட்டும்."

கோட்டைக்காரன் ஏதோ சொல்லிச் சிரித்தான். மொழிபெயர்ப்பாளன் தயங்கினான். ராஜா சொல்லு என்றார். "எங்க ஊர்ல ஒரு ராஜாவைப் புடிச்சு உக்காரவைக்கப் பெரிய படை வேணும், இங்க ஒரு வேலைக்காரன் போதும்போல இருக்கேன்னு சொல்றாரு." மெய்ரிக்கின் முகம் அன்றுதான் முதல்முறையாக உள்ளே இருந்ததை வெளியே காட்டியதாம். யாருக்காக பூட்ஸ் போட்டாரோ அவன் முன்னாலேயே, நாற்காலியில், வெறுங்காலோடு, எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வெயில் கதவைவிட்டு இறங்கிப் போனபிறகு மலைக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அது ஹெய்லின் காதில் விழுந்தது. பிடியை விட நினைத்தான், கைகள் திறக்கவில்லை. இரண்டு பேர் வந்து பிரித்தெடுத்தார்கள். அப்போதுதான் அவன் கத்தினான்.

ராஜா அவனைக் கொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் கொன்றால் பயந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். அரண்மனையைவிட்டுத் துரத்தினார். அதன்பிறகு கால் வைக்க முக்காலி ஒன்று செய்துகொண்டார், முக்காலி யாருக்கும் அடைக்கலம் தராது. கோட்டைக்காரனுக்கு அன்று பார்த்ததே போதுமாக இருந்தது போலிருக்கிறது. அடுத்த அறுவடைக்கு எங்கள் கரையும் அவனுடையது. மெய்ரிக் அவன் கோட்டையின் கீழறையில் இருமி இருமிச் செத்தார். கோல்வின் இப்போது அந்தக் கோட்டைக்கு வாசல்காவல். எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. புது எஜமானின் உள்சட்டையும் அதே நாற்றம்தான்.

மடத்துத் துணிகளை எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அவர்களைப் பார்ப்பேன். மடத்து மதிலை ஒட்டி ஒரு குடிசை கொடுத்திருக்கிறார்கள். ஹெய்லினின் கைகள் பிடுங்கிப்போட்ட வேர் மாதிரி ஆகிவிட்டன. கரண்டி பிடிக்க முடியாது. இதெல்தான் ஊட்டுவான். போன முறை போனபோது ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"அது மூக்குடா. வாய் கொஞ்சம் கீழ இருக்கு."

"நேத்து இங்கதானப்பா இருந்துச்சு."

"நேத்து நீ காதுக்குல்ல ஊட்டினே."

இருவரும் சிரித்தார்கள். தங்வென் சிரிக்கவில்லை. அவள் உதவிக்கும் போகவில்லை, கதவுப்பக்கம் திரும்பி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். கஞ்சி முடிந்ததும் இதெல் தடவிப் பார்த்துப் பலகையில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் நீட்டி ஹெய்லினின் மடியில் வைத்தான். குளிர்காலம். ஹெய்லின் அந்தக் கைகளை எடுத்து அவன் பாதங்களின்மேல் வைத்தான்.

பழக்கத்தில் நான் கேட்டுவிட்டேன். "கால் எப்படிண்ணே?"

ஹெய்லின் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் முயன்று பார்த்தான்.

"தெரியல மோர்வித்," என்றான். "கையில ஒண்ணுமே தெரியமாட்டேங்குது."

இதெல் காலை எடுத்துக்கொள்ளவில்லை.